சீறுகிறது, ஓடவில்லை: ரேஸ் படகின் மெட்டல் ப்ரொப்பெல்லர் கோளாறுகள்

இது ரிமோட்டில் ஓட்டும் ரேஸ் படகுக்கான குறிப்பு, எந்த அளவுப் படகுக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 60 முதல் 80 சென்டிமீட்டர் நீளம், ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், 4எஸ் லிப்போ (நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி), நடுவில் மோட்டாரின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ஃப்ளெக்ஸ் கேபிள், பின்னால் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்ட்ரட், அதன் முனையில் ப்ரொப்பெல்லர். அமெரிக்காவில் நாம்பா என்ற மாடல் படகுச் சங்கத்தின் போட்டிகளில் 4எஸ் படகுகளை பி (P) வகுப்பில் ஓட்டுகிறார்கள். கிட்டத்தட்ட அந்த அளவு. 6எஸ் படகு வைத்திருப்பவருக்கும் காரணங்கள் இவைதான், எண்கள் மட்டும் மாறும்.

இன்னொன்று. இந்தப் படகுகளில் ப்ரொப்பெல்லர் முழுக்க மூழ்கி ஓடுவதில்லை. வேகம் பிடித்த பிறகு பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை தண்ணீரை ஓங்கி அறைந்துதான் உள்ளே போகிறது. 4எஸ்ஸின் 14.8 வோல்ட்டில் 2000 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 500. 40 மி.மீ. ப்ரொப்பெல்லரின் நுனி அந்த வேகத்தில் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். கீழே வரும் பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலம் இப்படி அறைவதுதான்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்

ஆக்டுரா என்ற ப்ரொப்பெல்லர் கம்பெனியின் எக்ஸ் வரிசை எண்முறையைப் பல கம்பெனிகளும் பின்பற்றுகின்றன. எக்ஸ்440 என்றால் கடைசி இரண்டு இலக்கம் விட்டம், 40 மி.மீ. முன்னால் உள்ள 4, பிட்ச் விகிதம் 1.4 என்று சொல்கிறது. அப்போது பிட்ச் 40 × 1.4 = 56 மி.மீ. வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குப் படகு இவ்வளவு முன்னேறும். எக்ஸ்642 என்றால் 42 மி.மீ. விட்டம், விகிதம் 1.6, பிட்ச் 67.2 மி.மீ.

29,600 சுற்றை 56 மி.மீட்டரால் பெருக்கினால் மணிக்கு 100 கி.மீ. வரும். அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். சுமை ஏறினால் சுற்று குறையும், தண்ணீரிலும் வழுக்கும். இந்தக் கணக்கு இரண்டு ப்ரொப்பெல்லரை ஒப்பிட மட்டும்தான் உதவும்.

வாங்கும் முன் துளையையும் பாருங்கள். 3.18, 4, 4.76 மி.மீ. மூன்றும் புழக்கத்தில் உள்ளன. 4.76 துளையை 4 மி.மீ. ஷாஃப்ட்டில் போட்டு நட்டை இறுக்கினால் ப்ரொப்பெல்லர் மையம் தவறித்தான் உட்காரும். அப்புறம் எவ்வளவு பேலன்ஸ் செய்தும் பயனில்லை. இடையில் சரியான புஷ் (இடைவெளியை நிரப்பும் சின்னக் குழாய்) போடுங்கள். துளை சின்னதாக இருந்தால் கை டிரில்லால் பெரிதாக்க வேண்டாம். லேத்திலோ ரீமரிலோ செய்து கொடுப்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: எதிலாவது பட்டதும் இறக்கை வளைகிறது, அல்லது உடைகிறது

"உறுதியான மெட்டல் எது?" என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் வருவது இந்த இடத்துக்குத்தான். மெட்டலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: மிதக்கும் கட்டையில் மோதினால் எது முதலில் போக வேண்டும்? ப்ரொப்பெல்லர், ஷாஃப்ட்டின் முனைத்துண்டு, ஃப்ளெக்ஸ் கேபிள், கப்ளிங், மோட்டார் ஷாஃப்ட் எல்லாம் ஒரே சங்கிலி. ப்ரொப்பெல்லர் வளையாவிட்டால் அந்த அடி முன்னால் போய் வேறெங்கோ இறங்கும்.

கார்பன் கலந்த பிளாஸ்டிக் மலிவு. மோதினால் அதுதான் உடையும், மற்றதெல்லாம் தப்பிக்கும். ஆனால் 4எஸ்ஸில் முழு த்ராட்டில் கொடுத்தால் இறக்கை நெளிந்து பிட்ச் குறைந்துவிடும். சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பழகுவதற்குச் சரி.

அலுமினியத்தில் சிஎன்சியில் கடைந்தவை இப்போது ஏராளம். இறக்கைகள் ஒரே அளவாக இருக்கும், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பேலன்ஸும் ஓரளவு சரியாக இருக்கும், எடையும் குறைவு. இதன் பலவீனம் விளிம்பு. கூர்மையாக்கினால் மணலும் சிறு கல்லும் பட்டே நெளிந்துபோகும். வளைந்ததை நிமிர்த்தினால் அடுத்த ஓட்டத்தில் அதே இடத்தில் முறிய வாய்ப்பு அதிகம். நிமிர்த்துவதைவிடத் தூக்கிப்போடுவது நல்லது.

பித்தளை, வெண்கல வார்ப்பு தடிமனாக இருந்தால் தாங்கும். வேகத்துக்காக மெலிதாக்கினால் பித்தளை வளைந்துவிடும். நிதானமாக ஓடும் படகுக்குப் போதும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விளிம்பு நாள்பட நிற்கும். ஆனால் சங்கிலியில் அடுத்தடுத்து உள்ளவைதான் அதற்கு விலை கொடுக்கும். ப்ரொப்பெல்லருக்கு ஒன்றும் ஆகாமல் கேபிள் முறுக்கிக்கொண்டு கிடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அரத்தால் ராவி எடுப்பதும் பெரும்பாடு. இந்த அளவுப் படகுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் பல பத்தாண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருப்பது பெரிலியம் செம்பு. செம்போடு ஏறக்குறைய 2 சதவீதம் வரை பெரிலியம் சேர்த்து, வார்த்த பிறகு சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால் ஸ்டீலுக்கு நிகரான பலம் வருகிறது. மெலிதாக ராவினாலும் வடிவம் கலையாது, கூர்மை நிற்கும், மோதினால் பெரும்பாலும் உடையாமல் வளையும். ஒருமுறை நிமிர்த்திப் பயன்படுத்தலாம். எனக்கு உறுதி என்பது இதுதான்: கூராக்கிய பிறகும் வடிவம் மாறாமல் இருப்பது, அடிபட்டால் மொத்த டிரைவையும் இழுத்துக்கொண்டு போகாமல் தான் மட்டும் வளைவது.

வளைந்ததைச் சரிபார்க்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். ப்ரொப்பெல்லரின் நடுத்தண்டைக் கண்ணாடியில் நிற்கவைத்து, ஒவ்வொரு இறக்கையின் நுனியும் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று வெர்னியரில் அளங்கள். அப்புறம் முன்விளிம்பு, பின்விளிம்பு. அடிபடாத இறக்கையின் அளவு வரும்வரை, மரத்துண்டு வைத்து மெதுவாக நிமிர்த்துங்கள். முடித்ததும் இறக்கை நடுத்தண்டில் சேரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் பூசி, ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். மயிரிழை போல ஒரு கோடு மட்டும் மை போகாமல் நின்றால் அது விரிசல். அந்த ப்ரொப்பெல்லரை மறுபடி மாட்ட வேண்டாம். நொடிக்கு 500 சுற்றில் பிய்த்துக்கொண்டு வரும் இறக்கை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேசையில் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேராக ஒருபோதும் நிற்காதீர்கள்.

அறிகுறி: புது மெட்டல் ப்ரொப்பெல்லர் போட்டதும் படகு பழையதைவிட மந்தமாகப் போகிறது

பெரிலியம் செம்பு என்றால் அநேகமாக நீங்கள் அதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருப்பீர்கள். வார்ப்பாக வரும் ப்ரொப்பெல்லர் முடிக்கப்படாத பொருள். விளிம்பு தடிமன், மேல்பரப்பு சொரசொரப்பு, ஒரு இறக்கை மற்றதைவிடக் கனம். அதை வைத்துத் தண்ணீரை வெட்டுவது மொக்கை அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்குகிற வேலை.

அரத்தைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. பெரிலியம் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். தீராத நோயாகவும் மாறும். எனவே காய்ந்த நிலையில் ராவக் கூடாது, கிரைண்டர் கூடவே கூடாது. தண்ணீருக்குள் அல்லது ஓயாமல் நனைத்துக்கொண்டு, தூசி முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். சேறான தண்ணீரையும் தாளையும் காயவிடாமல் கட்டி அப்புறப்படுத்துங்கள். முடிந்த ப்ரொப்பெல்லரைக் கையில் எடுப்பதில் ஆபத்து இல்லை. இவ்வளவு கவனம் முடியாது என்றால் கூராக்கி, பேலன்ஸ் செய்து விற்பவர்களிடமே வாங்குங்கள். கூலி கூடும், ஆனால் அது வீண்செலவு இல்லை.

செய்யும் விதம் இது. இறக்கைக்கு இரண்டு முகம். படகைப் பார்த்தபடி இருப்பது முன்முகம். பின்னால் தண்ணீரைத் தள்ளுவது அழுத்த முகம். அழுத்த முகத்தில் அரம் படக் கூடாது. பிட்ச்சும் வேகமும் அந்த வளைவில்தான் இருக்கின்றன. முன்முகத்தில், தண்ணீரை முதலில் வெட்டும் விளிம்பை ஒட்டி, 4 அல்லது 5 மி.மீ. அகலத்துக்குச் சரிவாக ராவுங்கள். அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளுங்கள், முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம். விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளிக் கோடாக மினுங்கும், கூரான இடம் மினுங்காது. கோடு முழுக்க மறைந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பர். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும்வரை தேய்ப்பவர்கள் உண்டு. அழகுக்குத்தான், 1000க்கு மேல் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

பின்விளிம்பில் சின்ன மடிப்பு ஒன்று இருக்கும். அதுதான் கப். பிசிறு என்று நினைத்து அதை ராவிவிடாதீர்கள். கப் போனால் பிட்ச் குறைந்த மாதிரி ஆகி, படகு பிடிப்பில்லாமல் சுற்றும்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் படகு உதறுகிறது, "ஙொய்" என்று சத்தம்

பேலன்ஸ் இல்லை, அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஒரு நொடி மட்டும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் உதறினால் குறை ஷாஃப்ட்டிலோ கப்ளிங்கிலோ இருக்கிறது. இல்லையென்றால் பேலன்ஸ்தான்.

காந்த பேலன்ஸர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நேரான ஒரு கம்பியைத் துளையில் இறுக்கமாகச் செருகி, சமமட்டமாக வைத்த இரண்டு சவர பிளேடுகளின் மேல் கிடத்துங்கள். இரண்டு இறக்கையையும் கிடைமட்டமாக வைத்துவிட்டால் கனமானது கீழே இறங்கும். அதன் முன்முகத்தில், நடுப்பகுதியில், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறையுங்கள். விளிம்பிலும் நுனியிலும் எடுத்தால் வடிவம் போய்விடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ப்ரொப்பெல்லரைச் செங்குத்தாக நிறுத்தியும் பாருங்கள். அங்கிருந்து ஒரு பக்கமாகவே உருண்டால் நடுத்தண்டில் அந்தப் பக்கம் கனம். அதைத் தண்டில்தான் எடுக்க வேண்டும், இறக்கையில் எடுத்துச் சரிக்கட்ட முடியாது. எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது.

அறிகுறி: மோட்டார், இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கொதிக்கிறது, பாதி ஓட்டத்தில் நின்றுவிடுகிறது

பெரிய ப்ரொப்பெல்லர் என்றால் அதிக வேகம் என்ற நினைப்பு. ஒரே சுற்றுவேகத்தில், ஒரே வடிவத்தில், ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40 மி.மீட்டரிலிருந்து 42க்குப் போனால் ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதல் சக்தி. 45க்குப் போனால் 80 சதவீதம். கையில் பிடித்தால் 40க்கும் 42க்கும் வித்தியாசமே தெரியாது, பேட்டரிக்குத் தெரியும்.

புது ப்ரொப்பெல்லர் போட்டால் முதல் ஓட்டம் ஒரு நிமிடம்தான். கரைக்கு இழுத்து வந்து மோட்டார், இஎஸ்சி, பேட்டரி, அவற்றுக்கு இடையே உள்ள கனெக்டர் நான்கையும் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு 60 டிகிரியை ஒட்டியது. லிப்போவுக்கு அதுவே எல்லை. மோட்டாருக்குள் இருக்கும் சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும். ஆறிய பிறகும் அந்த வலு திரும்பாது. மோட்டார் ஆறினாலும் படகு பழையபடி ஓடவில்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் நடந்திருக்கும்.

சூடு என்றால் விட்டத்தில் 2 மி.மீ. இறங்குங்கள். இறங்க மனமில்லையென்றால் பிட்ச் விகிதத்தில் இறங்குங்கள். மூன்று இறக்கையிலிருந்து இரண்டுக்கு வருவதும் சுமையைக் குறைக்கும். ஆனால் ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஸ்ட்ரட்டையும் ப்ரொப்பெல்லரையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கனெக்டர் மட்டும் கொதித்தால் ப்ரொப்பெல்லரை விட்டுவிட்டு சால்டரிங்கைப் பாருங்கள்.

அறிகுறி: கிளம்பும்போது தண்ணீரை வாரி இறைக்கிறது, படகு நகர மாட்டேன் என்கிறது

ப்ரொப்பெல்லர் காற்றை விழுங்கிவிட்டது. முதலில் ஸ்ட்ரட் உயரம். படகைச் சமதளத்தில் வைத்துப் பார்த்தால் ஷாஃப்ட்டின் மையக்கோடு படகின் அடித்தளத்தோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஆரம்பத்துக்கு அதுதான் அளவு. அங்கிருந்து 1 மி.மீ. கீழே இறக்கிப் பாருங்கள். இறக்கினால் பிடிப்பு சீக்கிரம் வரும், கூடவே இழுவையும் சூடும். உயரமும் சரி, விளிம்பும் கூர் என்றால் மூன்று இறக்கைக்குப் போகலாம், கிளம்புவது எளிதாகும். நிற்கும் படகுக்கு முழு த்ராட்டிலை ஒரேயடியாகத் திறப்பவர்களுக்கு எந்த ப்ரொப்பெல்லரும் உதவாது.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் நழுவிச் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். தண்டின் காடி டிரைவ் டாக்கில் (ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் துண்டில்) முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அறிகுறி: மூக்கு எழும்பிப் பறக்கிறது, அல்லது வால் தத்தித் தத்திக் குதிக்கிறது

இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனை: பின்பக்கத்தை ப்ரொப்பெல்லர் எவ்வளவு தூக்குகிறது என்பது. வால் குதித்து மூக்கு அமுங்கினால் தூக்கல் அதிகம். மூன்று இறக்கை போட்டிருந்தால் இரண்டுக்கு மாறுங்கள். இறக்கையின் முன்விளிம்பில், தண்டை ஒட்டிப் புடைத்திருக்கும் நாக்கை வெட்டிக் குறைப்பதும் தூக்கலைக் குறைக்கும். அரம் பழகியவருக்கு மட்டும்.

மூக்கு எழும்பினால் ஸ்ட்ரட்டின் பின்முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் உந்துவிசை வாலை அமுக்கி மூக்கைத் தூக்கும். நேர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் பேட்டரியை ஒரு விரல் அகலம் முன்னால் நகர்த்துங்கள். ப்ரொப்பெல்லரைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

அறிகுறி: ஃப்ளெக்ஸ் கேபிள் அறுகிறது, முறுக்கிக்கொள்கிறது

கேபிள் என்பது ஒரு திசையில் முறுக்கிய கம்பிகள். ஓடும்போது அந்த முறுக்கு இறுக வேண்டும். எதிர்த்திசை ப்ரொப்பெல்லரை வாங்கி, மோட்டாரின் இரண்டு வயரை மாற்றிப் போட்டு ஓட்டினால் முறுக்கு பிரிந்து கேபிள் நாசம். ப்ரொப்பெல்லரின் சுழல் திசையை மாற்றினால் கேபிளையும் மாற்ற வேண்டும்.

திசை சரியாக இருந்தும் அறுந்தால் இடைவெளியைப் பாருங்கள். இறுகும் கேபிள் நீளத்தில் குறையும். டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இடம் விடவில்லையென்றால், முழு வேகத்தில் அது ஸ்ட்ரட்டில் உரசிச் சூடேறி புஷ்ஷைத் தின்னும். பிளாஸ்டிக்கிலிருந்து மெட்டலுக்கு மாறியதும் சிலருக்கு இந்தக் கோளாறு புதிதாக முளைக்கும். பழைய ப்ரொப்பெல்லர் கேபிளை அவ்வளவு முறுக்கியிருக்காது, அதனால் குறைவான இடைவெளியும் அதுவரை போதுமாக இருந்திருக்கும். ஓட்டம் முடிந்த அன்றே கேபிளை உருவி, துடைத்து, கிரீஸ் பூசி வையுங்கள்.

அறிகுறி: வலப்பக்கம் கத்தி மாதிரி திரும்புகிறது, இடப்பக்கம் திருப்பினால் சுழல்கிறது

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. போட்டிப் பாதையில் கடிகாரச் சுற்றில்தான் ஓட்டுவார்கள், எல்லாத் திருப்பமும் வலப்பக்கம். திருப்பத் தகடு (திரும்பும்போது படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும் தகடு) வலப்புறம் இருப்பதும் அதற்காகத்தான். பின்னாலிருந்து பார்த்து ப்ரொப்பெல்லர் இடமாகச் சுற்றினால் அதன் எதிர்விசையில் படகு வலப்புறம் சாயும். விட்டத்தை ஏற்றினால் சாய்வும் ஏறும். நேரே போகும்போதே சாய்ந்து போனால் மட்டும் பேட்டரியைக் கொஞ்சம் இடப்புறம் தள்ளுங்கள்.

அறிகுறி: அலுமினிய ப்ரொப்பெல்லரில் வெள்ளைப் பொடி, சின்னச் சின்னக் குழி

உப்புத் தண்ணீரில் ஓட்டியிருக்கிறீர்கள். ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட்டும் அலுமினியமும் உப்பு நீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், அதுவும் துளைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஓட்டம் முடிந்ததும் ப்ரொப்பெல்லரைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மாட்டும் முன் ஷாஃப்ட்டில் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். குழி விழுந்தது இறக்கையின் முகத்தில் என்றால் தேய்த்துக்கொள்ளலாம், அடிப்பகுதியில் என்றால் குப்பைக்கு. கடல் முகத்துவாரத்தில்தான் எப்போதும் ஓட்டுவேன் என்பவர் அலுமினியத்தை மறந்துவிட்டுப் பெரிலியம் செம்புக்கே போகலாம்.